குளத்துக்குப் பூட்டுப் போட்டவர்

மீன் வளர்ப்பவர்களை உங்களுக்குத் தெரியும். மீன் தின்பவர்களையும் தெரியும். கடலூர்க்காரராக இருந்தால் தினமும் கண்ணாடியிலேயே ஒருவரைப் பார்த்துத் தலை சீவியிருப்பீர்கள். இந்த இரண்டு கூட்டத்திலும் சேராமல், வளர்க்க நேரமும் இல்லாமல், தின்ன மனமும் இல்லாமல், காப்பாற்றுவதற்கென்றே பிறந்து வந்த மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது. மீன் காப்பாளர் என்று அதற்குப் பெயர் வைத்துக்கொள்வோம். வீட்டுக்குப் பின்னால் பத்தடிக்கு ஆறடியில் ஒரு சிமெண்டுக் குளம், அதில் ஒரு டஜன் கலர் மீன், வானத்தில் எங்கோ ஒரு கொக்கு. இவ்வளவு அமைந்துவிட்டால் போதும், அதுவரை சாதுவாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மனிதர் எழுந்து நின்று சுற்றுச்சுவரை அளக்க ஆரம்பித்துவிடுவார்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். "மீனெல்லாம் எப்புடி சார் இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். மீனைப் பற்றி ஒரு வார்த்தை வராது. கொக்கைப் பற்றி முக்கால் மணி நேரம் வரும். அது எத்தனை மணிக்கு வருகிறது, எந்தத் திசையிலிருந்து வருகிறது, இறங்கும்போது முதலில் எந்தக் காலை ஊன்றுகிறது, போன செவ்வாய்க்கிழமை அது தன்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் என்னென்ன இருந்தது என்பதெல்லாம் வரும். சரி, மீன் என்ன நிறம் என்று கேட்டீர்களானால், வீட்டுக்குள் திரும்பி மனைவியிடம் விசாரிப்பார்.

இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி கடலூர் முதுநகரில் வசிக்கிறார். பெயர் கொளஞ்சிநாதன். சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் பாதுகாப்பு சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். பிறந்தது விருத்தாசலம் பக்கத்துக் கிராமம். அங்கே டிராக்டர் வயலைச் சேறாக்கிச் சேடை ஓட்டும்போது பின்னாலேயே இருபது கொக்கு வரிசையாக நடந்து போகும். டிரைவர் டீ குடிக்க இறங்கினால் அவையும் நின்று காத்திருக்கும். யாரும் அவற்றைப் பகையாளியாக நினைத்ததில்லை. கொளஞ்சிநாதனும் நினைத்ததில்லை. சொந்தமாகக் குளம் வருகிற வரைக்கும்.

கம்பெனி வாசல்களில் ஒரு பலகை இருக்கும், பார்த்திருப்பீர்கள். 'விபத்தில்லாத நாட்கள்' என்று எழுதி, பக்கத்தில் எண் மாற்றுகிற கட்டம் வைத்திருப்பார்கள். தினமும் காலையில் அந்த எண்ணை மாற்றுவது அவர் வேலை. மற்றவர்கள் சாமி படத்துக்குப் பூ மாற்றுகிற பக்தியோடு அவர் அதை மாற்றுவார். நூறைத் தொட வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. ஒரே ஒருமுறை அது தொண்ணூற்றொன்பது வரை போனது. மறுநாள் காலை கேண்டீன் மாஸ்டர், சிந்திக் கிடந்த ரசத்தில் வழுக்கி உட்கார்ந்தார். அடி ஒன்றும் இல்லை. எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு இட்லி எடுக்கப் போய்விட்டார். ரசமெல்லாம் விபத்தில் சேராது, விட்டுவிடுங்கள் சார் என்று ஆளாளுக்குக் கெஞ்சினார்கள். கொளஞ்சிநாதன் கண் கலங்க ஏணியில் ஏறிப் பூஜ்ஜியத்தை மாட்டினார். அதற்குப் பிறகு அவர் ஓய்வு பெறும் வரை அந்தப் பலகை எண்பதைத் தாண்டவில்லை. ஏலக்காய் மாலையும் சால்வையும் போட்டு அனுப்பிய அன்று அது பதினேழில் நின்றது.

இனி மீன். மீன் வளர்க்க ஆசைப்பட்டது அவரில்லை, அவர் மனைவி சௌந்தரம். ஒரே மகள் வேலைக்காகப் பெங்களூர் போன பிறகு, தான் பேசினால் வாயைத் திறந்துகொண்டு கேட்கிற ஜீவன் ஏதாவது வீட்டில் வேண்டும் என்றாள். சென்னை கொளத்தூரிலிருந்து பன்னிரண்டு கோய் மீன் வந்தது. நம் கெண்டைக்குத் தூரத்துச் சொந்தம். வெள்ளையும் ஆரஞ்சும் கறுப்புமாகத் திட்டுத் திட்டாக இருக்கும். சாயங்காலம் சௌந்தரம் குளத்து விளிம்பில் உட்கார்ந்து பொரி போடுவாள். பன்னிரண்டு வாயும் கைக்கே வரும். உடம்பெல்லாம் வெள்ளையாக, நெற்றியில் மட்டும் வட்டமாய்ச் சிவப்புள்ள ஒன்றுக்குப் பொட்டுக்காரி என்று பெயர். அக்கம்பக்கத்துச் செய்தி முழுக்க முதலில் பொட்டுக்காரிக்குத்தான் போகும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை உப்பனாற்றுப் பக்கமிருந்து சாம்பல் நிறத்தில், ஆளுயரத்தில் பாதிக்கு, ஒரு கொக்கு வந்து இறங்கியது. புத்தகத்தில் அதை நாரை என்பார்கள், முதுநகரில் கொக்குதான். மூன்று மீன் போனது. பக்கத்து வீட்டு செபாஸ்டின் மொட்டை மாடியில் பல் துலக்கிக்கொண்டே முழுவதையும் பார்த்திருக்கிறார். நல்ல பக்குவமாகச் சாப்பிட்டது, ஒரு சத்தமில்லை என்று சாட்சியம் சொன்னார்.

நீங்களும் நானும் என்ன செய்வோம்? ஒரு கல்லை எடுப்போம். மீன் காப்பாளர் நோட்டுப் புத்தகத்தை எடுப்பார். ஐந்து முறை 'ஏன்' என்று கேட்டால் எந்த விபத்துக்கும் மூல காரணம் கிடைத்துவிடும் என்பது பாதுகாப்புத் துறையின் வேதம். சௌந்தரத்தை நாற்காலியில் உட்கார வைத்தார்.

"மீன் ஏன் செத்துச்சி?"

"கொக்கு தின்னுச்சி."

"கொக்கு ஏன் தின்னுச்சி?"

"பசி."

"ஏன் பசி?"

"மணி எட்டரை ஆவுது. எனக்கே பசிக்குது."

"நீ ஏன் இன்னும் சாப்புடல?"

"நீங்க உக்கார வச்சி கேள்வி கேட்டுட்டு இருக்கீங்க."

ஐந்தாவது 'ஏன்' தேவைப்படவில்லை. மூல காரணம் கிடைத்துவிட்டது. ஆனால் நோட்டில் அவர் அதை எழுதவில்லை; 'போதிய தடுப்பு வசதி இன்மை' என்று எழுதிக் கீழே கோடு போட்டார். அன்றைக்கே முருங்கை மரத்துக்குப் பக்கத்தில் ஒரு பலகை முளைத்தது: 'கொக்குச் சம்பவம் இல்லாத நாட்கள்: 0'. அந்தக் கட்டத்தைச் சௌந்தரத்துக்கு முப்பத்தோரு வருஷமாகத் தெரியும்.

பிறகு தொடங்கியது தடுப்பு வசதி. ஒரு கொக்கு நிற்கிற இடத்தில் இன்னொரு கொக்கு இறங்காது என்று எங்கோ படித்து, பிளாஸ்டிக் கொக்கு ஒன்றை வரவழைத்துக் கரையில் நட்டார். நான்காம் நாள் காலையில் இரண்டு கொக்கு நின்றன. எது நகர்கிறது என்று கொஞ்ச நேரம் பார்த்துத்தான் எதை விரட்டுவது என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. ஒண்டியாக வந்த கொக்குக்கு ஜோடி சேர்த்துவிட்டீர்களே என்றார் செபாஸ்டின். கொக்கின் முழங்கால் உயரத்தில் தூண்டில் நரம்பைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினார். கொக்கு தாண்டி வந்தது, சௌந்தரம் தடுக்கி விழுந்தாள். ஆள் நடமாட்டம் தெரிந்தால் தானாகத் தண்ணீர் பீய்ச்சுகிற கருவி ஒன்றை வைத்தார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வெள்ளை வேட்டி சட்டையில் கிளம்பிய செபாஸ்டின், வாங்கிப் போன ஏணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று வந்தார். தலையிலிருந்து கால் வரை நனைந்து நின்றவர் நிதானமாகச் சொன்னார்: "எனக்கு ஞானஸ்நானம் ஏற்கெனவே ஆயிடுச்சி சார்."

இவ்வளவோடு நிற்கவில்லை. மாதத்தின் முதல் தேதி காலை பத்து மணிக்குச் சைரன் ஒத்திகை; சைரன் கேட்டதும் சௌந்தரம் அடுப்பை அணைத்துவிட்டு 'கூடுமிடம்' என்று எழுதிய முருங்கை மரத்தடியில் போய் நிற்க வேண்டும். ஒரே ஆள் கூடுவது எப்படி என்று அவள் கேட்டதற்கு வருகைப் பதிவேட்டை நீட்டினார். குளத்து மூலையில் நீளக் கம்பு நட்டு, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்டுகிற ஆரஞ்சு நிறத் துணிப்பையைப் பறக்க விட்டார். கம்பெனியில் வாயு கசிந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரிய வேண்டும், அதற்காக அது இருக்கும். மீனுக்கு எதற்கு? கேட்காதீர்கள். செபாஸ்டின் கேட்டார், ஒன்றரை மணி நேரம் அனுபவித்தார்.

கடைசியாகக் குளத்துக்கு மேல் படகு வலை, வலைக்கு மேல் பச்சை நிழல் துணி, துணிக்கு மேல் இரும்புக் கிராதி, கிராதிக்கு மூன்று பூட்டு. கொக்கு தோற்றது. பலகையில் எண் ஏற ஆரம்பித்தது. பத்து, இருபது, முப்பது. ஏற ஏறக் கொளஞ்சிநாதனுக்கு நடையில் ஒரு துள்ளல் வந்தது. இந்தத் தடவை ரசம் கிடையாது, கேண்டீன் கிடையாது. நூறு நிச்சயம்.

சௌந்தரம் பொரி போட வேண்டுமானால் இப்போது பெர்மிட் வேண்டும். கம்பெனியில் ஆபத்தான இடத்தில் வேலை செய்கிறவன் முதலில் ஒரு தாளை நிரப்பிக் கையெழுத்து வாங்குவான் அல்லவா, அதே தாள், அதே கார்பன். வேலையின் தன்மை: பொரி போடுதல். வேலை செய்பவர்: சௌந்தரம். கையுறை: ஆம். காலணி: ஆம். அவர் கையெழுத்துப் போட்டுச் சாவியைக் கொடுத்தால், கிராதியின் ஓரத்தில் ஒரு சின்னக் கதவைத் திறந்து, துணியை விலக்கி, வலைக் கண்ணில் பொரியை ஒவ்வொன்றாகத் தள்ள வேண்டும். கீழே இருட்டில் ஏதோ புளக் என்று வாங்கிக்கொள்ளும். யார் வாங்கினார்கள் என்று தெரியாது. அவர் வங்கிக்கோ முடிவெட்டவோ போயிருந்தால் அன்றைக்கு அதுவும் இல்லை.

முப்பத்தெட்டாம் நாள் அவள் சொன்னாள்: "மீனப் பாத்து ஒரு மாசத்துக்கு மேல ஆவுதுங்க."

"மீனு பாக்கறதுக்கு இல்ல சௌந்தரம். பாதுகாக்கறதுக்கு."

சிதம்பரத்தில் இருக்கும் தம்பி பழனிவேலுக்கு போன் போட்டாள்.

நாற்பத்தோராம் நாள் காலை. கொளஞ்சிநாதன் தன் பழைய சகா ஒருவருக்குப் போனில் கொக்கின் குணாதிசயங்களை விளக்கிக்கொண்டிருந்தார். சௌந்தரம் பெர்மிட்டை நீட்டினாள். வேலையின் தன்மை: ஒன்பது மீனையும் சிதம்பரம் கொண்டு போதல். வேலை செய்பவர்: தம்பி பழனிவேல். வேலை முடியும் நேரம்: திரும்பி வராது. முத்து முத்தான கையெழுத்தில், ஒரு எழுத்து மறைக்காமல் எழுதியிருந்தாள். அவர் கண் நேராகக் கீழே இறங்கியது. கையுறை: ஆம். காலணி: ஆம். மனம் நிறைந்து கையெழுத்துப் போட்டுச் சாவிக்கொத்தைக் கொடுத்தார்.

கொக்குப் பேச்சு முடிந்து அவர் வாசலுக்கு வந்தபோது பழனிவேலின் குட்டி லாரியில் மூன்று நீல டிரம் ஏறியிருந்தது. டிரம்முக்குள் என்ன என்று கேட்கவில்லை. கயிற்றைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். "கட்டு நல்லா இருக்கு மச்சான்" என்று பாராட்டினார். வண்டி பின்னால் எடுக்கும்போது விசில் ஊதி, தெருமுனை வரைக்கும் கையசைத்து வழியும் காட்டினார்.

அன்று முதல் அந்தக் குளத்தைப் போல் பாதுகாப்பான குளம் தமிழ்நாட்டில் எங்கும் கிடையாது.

பெர்மிட் கேட்டு யாரும் வருவதில்லை. 'ஒழுங்கில் நல்ல முன்னேற்றம்' என்று நோட்டில் எழுதிக்கொண்டார். சௌந்தரம் வாரத்துக்கு இரண்டு நாள் தம்பி வீட்டுக்குப் பஸ் ஏறினாள், முகம் தெளிந்து திரும்பி வந்தாள்; சைரன் ஒத்திகை உடம்புக்கு நல்லது என்று அவர் புரிந்துகொண்டார். அறுபதாம் நாள் வாக்கில் அந்தக் கொக்கு ஒருமுறை வந்தது. சுவரில் நின்று, தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கிராதிக்கு உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பறந்து போனது. பிறகு வரவே இல்லை. கொக்கு உள்ளே பார்த்தது. அவர் கொக்கைப் பார்த்தார்.

நூறாவது நாளுக்குச் சாமியானா போட்டார்கள். பச்சைக் கொடி, உறுதிமொழி, லட்டு, 'பாதுகாப்பே முதல்' என்று பெயர் வெட்டிய எவர்சில்வர் டிபன் பாக்ஸ் இருபது. செபாஸ்டின் தலைமை விருந்தினர். பழனிவேல் சிதம்பரத்திலிருந்து வந்து பின்வரிசையில் அடக்கமாக உட்கார்ந்திருந்தார். கொளஞ்சிநாதன் ஏணியில் ஏறினார். தொண்ணூற்றொன்பதைக் கழற்றினார். நூறை மாட்டிவிட்டு இறங்கி, கைக்குட்டையால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். தெருவே எழுந்து நின்றது. அப்போதுதான் செபாஸ்டின், இவ்வளவு தூரம் ஆன பிறகு அந்த மீன்களையும் ஒருமுறை பார்த்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று ஆசைப்பட்டார்.

மூன்று பூட்டும் திறந்தன. கிராதி தூக்கப்பட்டது. நிழல் துணி சுருட்டப்பட்டது. வலை விலகியது. கூட்டம் எட்டிப் பார்த்தது. பச்சைத் தண்ணீர், கொசுப்புழு, நடுவில் ஒரு தவளை. அத்தனை முகங்களை ஒரே நேரத்தில் பார்த்த தவளை மெதுவாக முங்கிக்கொண்டது.

"எங்க மீனு?" என்றார் கொளஞ்சிநாதன்.

சௌந்தரம் உள்ளே போய்ப் பெர்மிட் ஃபைலை எடுத்து வந்தாள். "நாப்பத்தோராம் நாளு. நீங்க கையெழுத்துப் போட்டதுதாங்க."

வாழ்நாளில் முதல்முறையாக ஒரு பெர்மிட்டை அவர் மேலிருந்து கீழே படித்தார். ஒன்றிலும் குறையில்லை. கார்பன் பிரதியும் இருந்தது. அவர் பார்வை பலகைக்குப் போனது. கூட்டத்தின் பார்வையும் கூடவே போனது. ஏணி சாய்த்த இடத்திலேயே இருந்தது. இந்த மனிதர் என்ன செய்வார் என்று தெரிந்த செபாஸ்டின் முந்திக்கொண்டார்.

"கொக்கு வந்து மீனத் தின்னுச்சா சார்? இல்லல்ல. அப்பறம் என்னா. நூறு நூறுதான். கைதட்டுங்கப்பா."

தட்டினார்கள். முப்பத்தோரு வருஷமாக அவர் காத்திருந்த கைதட்டல். அது அடங்குகிற வரைக்கும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மனைவியிடம் திரும்பி, பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காத குரலில், "பொட்டுக்காரி நல்லாருக்காளா?" என்றார்.

"வந்து பாருங்க" என்றாள்.

மறுநாள் காலை இருவரும் சிதம்பரம் பஸ் ஏறினார்கள். பழனிவேல் வீட்டுக்குப் பின்னால் இருந்தது சாதாரண மண் குளம். பாதிக்கு மேல் ஆம்பல் இலை. வலை இல்லை, பலகை இல்லை. எதிர்க்கரையில் ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நின்று யோசித்துக்கொண்டிருந்தது. சௌந்தரம் விரலால் தண்ணீரைத் தட்டினாள். இலைகள் அசைந்தன. ஒன்பது தலைகள் வந்தன. பொட்டுக்காரி ஒரு விரற்கடை வளர்ந்திருந்தாள். சௌந்தரம் அவர் உள்ளங்கையில் பொரியை வைத்துத் தண்ணீருக்குள் பிடித்து அழுத்தினாள். பல்லில்லாத வாய்கள் மெத்து மெத்தென்று விரலைச் சப்பின. கொளஞ்சிநாதனுக்குக் கூச்சம் தாங்கவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். சட்டைக் கை நனைந்தது, மூக்குக் கண்ணாடி தெறித்த தண்ணீரில் புள்ளி புள்ளியானது, அவர் கவனிக்கவில்லை. முழுசாகப் பத்து நிமிஷம் அவர் கொக்கைப் பார்க்கவில்லை. அவர் இனத்தில் இது சாதனை.

பதினோராவது நிமிஷம் பார்த்தார்.

"மச்சான், இத இப்புடியேவா வுட்டு வச்சிருக்க?"

"ஒன்னு ரெண்டு போனாலும் போவும் மாமா. அதுங்களே எலைக்கி அடியில பூந்துக்குது. கொக்கும் பாவம், எந்நேரம் ஒத்தக் கால்ல நிக்கிது பாருங்க."

கொளஞ்சிநாதனின் கை பேண்ட் பைக்குள் போனது. வெளியே வந்தபோது அதில் அளவு நாடா இருந்தது. இங்கே அளக்க வேண்டுமானால் பெர்மிட் வாங்க வேண்டும் மாமா என்று பழனிவேல் விளையாட்டாகச் சொல்லிவைத்தார். அவருக்கு அது விளையாட்டாகப் படவில்லை, நியாயமாகப் பட்டது. சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். ஆமாம், வைத்திருந்தார். முழங்காலில் வைத்து நிரப்பினார். வேலையின் தன்மை: வலை, துணி, கிராதி. கையுறை: ஆம். காலணி: ஆம். சௌந்தரத்திடம் நீட்டினார்.

அவள் படித்தாள். மேலிருந்து கீழே, ஒரு வரி விடாமல் படித்தாள். பிறகு தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, மிச்சப் பொரியை அவர் கையில் கொட்டினாள்.

முதுநகரில் பலகை இன்றைக்கு நூற்று நாற்பத்தேழு. தவளை நலம்.

சிரித்தாயிற்று அல்லவா? இனி கொஞ்சம் உங்கள் வீட்டைச் சுற்றிப் பார்ப்போம். சோபாவுக்கு உறை போட்டு, உறைக்கு மேல் துண்டு விரித்து, துண்டு கசங்கும் என்று தரையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். ரிமோட்டைக் கடையில் வந்த பாலிதீன் உறையோடு வைத்து, அந்த உறை கிழிந்தால் ரப்பர் பேண்ட் போடுகிறீர்கள். ஷோகேஸில் பீங்கான் கோப்பைகள், விருந்தாளிக்கு. அந்த விருந்தாளி இன்னும் பிறக்கவில்லை. இதெல்லாம் மற்றவர்கள் வீட்டில்தான், நம்மிடம் கிடையாது என்கிறீர்களா? நல்லது, நம்புகிறோம். பக்கத்தில் உங்கள் கைபேசி கிடக்கும். எடுக்காமல் சொல்லுங்கள், அதன் உறை என்ன நிறம்? பார்த்தீர்களா, சட்டென்று சொல்லிவிட்டீர்கள்.

கைபேசி என்ன நிறம்?